நோட்-ஃபெட்ச்: 2-லேயே இருப்பதா, 3-க்குப் போவதா, எடுத்தேவிடுவதா?

நோட்.ஜேஎஸ்-இல் (சுருக்கமாக நோட்) இணையக் கோரிக்கைகள் அனுப்ப உதவும் நோட்-ஃபெட்ச் பேக்கேஜின் 2-ஆம் பதிப்பு எத்தனையோ ப்ராஜெக்ட்டுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நோட் 21-க்கு ஏறியபோதுதான் பலர் அது இருப்பதையே கவனித்தார்கள், ஏனென்றால் அது இழுத்துவரும் பழைய யூஆர்எல் பேக்கேஜ் உள்ளுக்குள் நோட்டோடு வரும் பனிகோட் மாட்யூலைக் கூப்பிடுகிறது, அந்த மாட்யூலை இனி பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கை டெர்மினலில் வந்து விழுந்தது. சரி, அப்கிரேட் பண்ணிவிடலாம் என்று கிளம்பினால் மூன்று வழி இருக்கிறது: 2-லேயே இருப்பது, 3-க்குப் போவது, அல்லது நோட் 18-லிருந்து கூடவே வரும் ஃபெட்சுக்கு மாறி இந்த பேக்கேஜையே எடுத்துவிடுவது.

3 என்றதும் எல்லோரும் பேசுவது ஈஎஸ்எம் பற்றித்தான், அதாவது இம்போர்ட் பாணியிலான புதிய மாட்யூல் வடிவத்தில் மட்டுமே அது வருகிறது. பழைய நோட்டில் அதைப் பழைய பாணியில் ரிக்வயர் போட்டு ஏற்றினால் எர்ரர் வந்து அங்கேயே நின்றுவிடும். 22.12-லிருந்து ரிக்வயர் அதை ஏற்றிக்கொள்ளும், ஆனால் கையில் கிடைப்பது ஃபங்ஷன் இல்லை, முழு மாட்யூல். அதற்குள்ளிருந்து டீஃபால்ட்டை எடுக்க வேண்டும். எனக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. கண் முன்னால் உடைகிறது, எங்கே உடைந்தது என்று தெரிகிறது, உட்கார்ந்து சரிசெய்துவிடலாம்.

உடையாமல் நடத்தை மாறுகிற இடங்கள்தான் ஆபத்து. 2-இல் டைம்அவுட் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. 3-இல் அதை நீக்கிவிட்டார்கள், நோட்டின் சொந்த ஃபெட்சில் அது இருந்ததே இல்லை. பழைய கோடை அப்படியே விட்டால் இரண்டுமே எந்த எர்ரரும் காட்டாது, அந்த ஆப்ஷனைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். 5 நொடியில் கைவிட வேண்டிய கோரிக்கை, எதிர்ப்பக்க சர்வர் பதில் சொல்லாமல் தொங்கினால், நிமிடக்கணக்கில் காத்துக்கிடக்கும், டெஸ்ட்டுகளோ எல்லாம் பாஸ் ஆகும். சிக்னல் ஆப்ஷனில் அபார்ட்சிக்னல்.டைம்அவுட் கொடுப்பதுதான் இதற்கு மாற்று.

அடுத்தது நானே மாட்டிக்கொண்ட இடம். இணைப்பு மறுக்கப்பட்டால் நோட்-ஃபெட்ச் தரும் எர்ரரிலேயே காரணத்தைச் சொல்லும் எர்ரர் கோட் நேரடியாக இருக்கும். நோட்டின் ஃபெட்ச் 'ஃபெட்ச் ஃபெயில்டு' என்று ஒரு டைப்எர்ரரை மட்டும் வீசும், உண்மையான கோட் அதன் காஸ் என்ற பகுதிக்குள் ஒளிந்திருக்கும். என்னுடைய மறுமுயற்சி லாஜிக் முழுக்க எர்ரர் கோடைப் பார்த்துத்தான் முடிவெடுத்தது; மாற்றிய பிறகு அது ஒருமுறைகூட மறுமுயற்சி செய்யவில்லை, இரண்டு வாரம் கழித்து லாக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஃபார்ம்-டேட்டா பேக்கேஜ் வைத்து ஃபைல் அனுப்புகிறவர்களும் கவனியுங்கள், நோட்டின் ஃபெட்ச் அதைப் படிவமாகவே எடுத்துக்கொள்ளாது, உள்ளடக்கத்துக்குப் பதிலாக ஆப்ஜெக்ட்டின் பெயர் மட்டும் உள்ள எழுத்துச் சரம் போய்ச் சேரும். வந்த பதிலின் பாடியைப் பைப் போட்டு வேறு ஸ்ட்ரீமுக்குத் திருப்பியிருந்தால் அது சத்தமாகவே உடையும், ரீடபிள்.ஃப்ரம்வெப் வைத்து மாற்றிக்கொண்டால் போதும்.

இங்கேதான் 3 தனித்து நிற்கிறது. பைப் வேலை செய்கிறது, எர்ரர் கோட் பழைய இடத்திலேயே இருக்கிறது, முக்கியமாக, இணைப்பு எப்படி ஏற்பட வேண்டும் என்று சொல்லும் ஏஜென்ட் ஆப்ஷன் இருக்கிறது. ப்ராக்ஸி வழியாகவோ சொந்தச் சான்றிதழ் வைத்தோ போகிறவர்களுக்கு இது உயிர்நாடி, நோட்டின் ஃபெட்ச் ஏஜென்ட்டையும் கண்டுகொள்ளாது, அங்கே அதே வேலைக்கு அண்டிச்சியின் (நோட்டின் ஃபெட்சுக்கு உள்ளே இருக்கும் லைப்ரரி) டிஸ்பாட்சரை எழுதிக்கொள்ள வேண்டும்.

அதனால் என் கணக்கு இப்படி: ஏஜென்ட் இருந்தால் 3. இல்லையென்றால் பேக்கேஜை எடுத்துவிடுங்கள், ஒரு டிபென்டென்சி குறைந்தால் அடுத்த மேஜர் பதிப்பைப் பற்றிய கவலையும் போய்விடும். 18-க்கு முந்தைய நோட்டிலும் ரிக்வயரோடு ஓட வேண்டிய லைப்ரரி எழுதுகிறவர்கள் மட்டும் 2-இல் இருக்கலாம், எச்சரிக்கையைச் சகித்துக்கொண்டு.

எதற்குப் போனாலும், பதிப்பு எண்ணை மாற்றும் முன் கோட் முழுக்க டைம்அவுட், ஏஜென்ட், பைப், ஃபார்ம்-டேட்டா, எர்ரர் கோட் இந்த ஐந்தையும் தேடிப் பாருங்கள். அப்புறம் பதிலே சொல்லாத ஒரு போலி சர்வரை எழுப்பி, உங்கள் கோரிக்கை நிஜமாகவே 5 நொடியில் கைவிடுகிறதா என்று ஒரு டெஸ்ட் எழுதுங்கள். அந்த டெஸ்ட்டை பழைய பதிப்பிலேயே முதலில் ஓட்டிப் பாருங்கள்.