சைக்கிளோடு போய்த் தங்க ஏற்றதா இந்தச் செட்டிநாட்டு வீடு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறைக்காக இந்த விடுதிக்குப் போகாதீர்கள், அடுப்படிக்காகப் போங்கள். கானாடுகாத்தான் பக்கத்தில் இருக்கிற பழைய நகரத்தார் வீடு இது. பெயரைப் போடவில்லை. பில் கதையைப் படித்தால் ஏன் என்று புரியும்.

நான் திருச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். மாசி மாதம் நாங்கள் 12 பேர் திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு இரண்டு நாள் சைக்கிளில் போனோம். வைத்தியத்துக்கு வருகிற பிள்ளைகளுக்குத் துணையாக வந்து ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்துக் கிடக்கிறார்களே, அந்த அப்பா அம்மாக்களின் சாப்பாட்டுச் செலவுக்கு நிதி சேர்க்கிற பயணம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆளாளுக்கு ஆள் பிடித்தோம். என் கடைக்கு வருகிற பிளம்பர் தம்பி, "கிலோமீட்டருக்கு ரெண்டு ரூவா எழுதிக்கங்கண்ணே, ஆனா பாதியில வேன்ல ஏறிடாதீங்க" என்றார். இந்த ரெண்டு ரூபாய் ஞாபகம் இருக்கட்டும், பில் வரும்போது வேண்டும்.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, கீரனூரில் டீ, புதுக்கோட்டையில் இட்லி. அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டே மிதித்தோம். லேணாவிளக்கு தாண்டியதும் வெயில் முதுகில் ஏற, பேச்சு நின்றுவிட்டது. தூரத்தில் திருமயம் கோட்டை தெரிகிறது, மிதிக்க மிதிக்க அப்படியே தெரிகிறது, கிட்டத்தில் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை. எதிரியைச் சோர வைக்கத்தான் அந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. கோட்டைக்கு அப்பால் சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். டீ குடிக்க மண்ணில் இறங்கி நின்ற நாலு பேர் டயரிலும் முள் ஏறிவிட்டது. காற்றடித்து, காற்றடித்து எப்படியோ மதியம் ஒரு மணிக்கு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

வீட்டைப் பற்றிக் குறை சொல்ல வாய் வராது. முன்தெருவில் முகப்பு, பின்தெருவில் கொல்லை வாசல். நடுவில் வளவு என்கிற உள்முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கிறது. பர்மாத் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. வெளியே கொளுத்துகிற நேரத்திலும் வளவுச் சுவர் உள்ளங்கைக்கு ஜில்லென்று இருந்தது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு. தொழில் புத்தி விடுமா, தட்டிக்கூடப் பார்த்தேன். என் கடையில் விற்கிற எந்தப் பெயிண்டிலும் அந்த வழவழப்பு வராது.

ஆனால் தரை! ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்க்கிற கல் என்பதால் அந்தக் கண்ணாடியின் மினுமினுப்பு கல்லுக்கும் வந்துவிடும். சைக்கிள் ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ள ஒரு கட்டை உண்டு, கிளீட் என்போம். அதோடு இந்தத் தரையில் கால் வைத்தால் பனிச்சறுக்குதான். எங்கள் குழுவில் சின்னவன் ஒருவன் முகப்பிலிருந்து வளவு வரை உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தான். மேனேஜர் ஓடி வந்து அவனைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தார். கல்லில் கீறல் விழும் என்பது அவர் பயம், நியாயம்தான். அப்படியானால் வாசலிலேயே "ஷூவைக் கழற்றுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மதியச் சாப்பாட்டை மேனேஜர்தான் முடிவு செய்திருந்தார். வெளியூர்க்காரர்கள் செட்டிநாடு என்றால் எதை எதிர்பார்ப்பார்களோ அது: மிளகுக் கோழி, மட்டன் சுக்கா, நண்டு மசாலா, எல்லாமே எண்ணெய் மிதக்க. ருசியில் ஒரு குறையும் இல்லை. எண்பது கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் மிதித்து வந்த வயிறுதான் அதற்கு ஆயத்தமாக இல்லை. இரண்டு பேர் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். இலை இலையாக மீந்து கிடந்ததை அடுப்படி நிலைப்படியில் நின்றபடி ஒரு ஆச்சி பார்த்துக்கொண்டிருந்தார். சமையல் அவர் பொறுப்பு, எழுபது வயதிருக்கும்.

சாப்பாடு முடிந்து பஞ்சர் பார்க்கக் கொல்லைக்குப் போனோம். டியூபைத் தண்ணீரில் அமுக்கினால்தானே ஓட்டை தெரியும்? மூலையில் ஆள் உள்ளே உட்காரலாம் போல ஒரு அண்டா, பாதித் தண்ணீரோடு. முதல் டியூபை அமுக்கினோம். முள் ஏறிய இடத்திலிருந்து சரம் சரமாகக் குமிழி வந்தது. கூடவே பின்னாலிருந்து ஒரு குரலும் வந்தது.

"ஏப்பா, அது கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அண்டா. அதுலயா டயரைக் கழுவுறீக?"

எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். ஆச்சியே ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாலு டியூபும் ஒட்டி முடிகிற வரை உட்கார்ந்து பார்த்தார். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று விசாரித்தார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போகிற வழக்கம் நகரத்தார்களுக்கு உண்டல்லவா, இவர் அந்த நடைப்பயணக் கூட்டத்துக்குப் பல வருஷம் கூடவே நடந்து சமைத்தவராம். "வழி நடக்கிறவுகளுக்கு மத்தியானம் காரம் ஆகாது. என்னையக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ராத்திரிக்கு நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். சாயங்காலம் வெள்ளைப் பணியாரம் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். அளவு ரொம்ப எளிது. ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாக நிற்கிற வரை கொட்டினால் அதுதான் கணக்கு. இரண்டையும் ஒன்றாக ஊறவைத்து வெண்ணெய் மாதிரி ஆட்டிய மாவு. எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றியதும் அடியில் போய், ஒரு நொடி யோசித்து, ஓரம் சுருங்கி வட்டமாக மேலே வருகிறது. வந்ததும் கரண்டியால் தலையில் எண்ணெயை வாரி விடுகிறார். சிவக்க விடக் கூடாது. ஒன்று எடுத்த பிறகுதான் அடுத்தது. பன்னிரண்டு பேருக்கு ஒவ்வொன்றாக. வரமிளகாய்த் துவையலைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, "வேணுங்கிறவுக மட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராத்திரிக்கு இடியாப்பமும் தேங்காய்ப் பாலும், கடைசியில் ஆளுக்கு ஒரு உருண்டை கும்மாயமும். உளுந்தும் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த அந்த உருண்டைக்கு முன்னால், பாக்கெட் நூறு ரூபாய் கொடுத்து நான் வாங்கிவைத்திருந்த எனர்ஜி ஜெல் எல்லாம் வெட்கப்பட வேண்டும்.

அறை சுமார். மூன்று பேருக்கு ஒரு அறை, கட்டில் உயரம், மெத்தை பள்ளம், ஏசி சத்தம். வெந்நீர் வந்தது. வேறென்ன சொல்ல?

இனி பில். அறைக்கு 3,500, காலை உணவு சேர்த்து என்றுதான் போனில் பேச்சு. தங்குகிற செலவு அவரவர் கைக்காசு, நிதிப் பணத்தைத் தொடுவதில்லை என்பது எங்கள் விதி. ராத்திரியே கணக்கை முடிக்கப் போனால் ஜிஎஸ்டி தனி. போகட்டும், வரி வரிதான். அதற்குக் கீழே "சைக்கிள் நிறுத்தம், 12 x 50 = 600". இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அறுநூறு ரூபாய் என்றால் பிளம்பர் தம்பி கணக்கில் 300 கிலோமீட்டர். ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தாலும் அவ்வளவு தூரம் வராது. கேட்டதற்கு "தரை மெயின்டெனன்ஸ் சார்" என்றார் மேனேஜர். அரை மணி நேரம் பேசி 300-க்குக் குறைத்தேன். காலை உணவோ எட்டு மணிக்குத்தானாம். நாங்கள் நாலே முக்காலுக்குக் கிளம்புகிறவர்கள். "அப்ப அது உங்க சாய்ஸ்" என்றார். மேனேஜருக்கு டூரிஸ்ட்டைத் தெரிகிறது, வழிப்போக்கனைத் தெரியவில்லை.

விடிகாலையில் முன்வாசல் கேட்டில் பூட்டு. வாட்ச்மேனைக் காணோம், மேனேஜர் போன் அணைந்திருக்கிறது. பன்னிரண்டு பேரும் ஹெல்மெட்டோடு முகப்பில் நின்று விழித்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து லைட் எரிந்தது. ஆச்சி. கையில் கொல்லை வாசல் சாவி. சைக்கிளைத் தோளில் தூக்கி, இந்த முறை ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, அண்டா எல்லாவற்றையும் தாண்டிப் பின்தெருவில் இறங்கினோம். படியில் நின்று ஆளுக்கொரு வாழையிலைப் பொட்டலம் கொடுத்தார், கருப்பட்டிப் பணியாரம் நாலு நாலு. பணம் நீட்டியதற்கு, "அந்தப் பிள்ளைகளைப் பெத்தவுகளுக்குப் போடுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தேவகோட்டை ரஸ்தாவில் நின்று பொட்டலத்தைப் பிரித்தோம். சட்டையின் முதுகுப் பையில் பட்ட எண்ணெய்க் கறை மூன்று தடவை துவைத்தும் போகவில்லை.

போகிறவர்கள் ஜிஎஸ்டி, சைக்கிள் கட்டணம், கிளம்பும் நேரம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறை இரண்டாங்கட்டில் கேளுங்கள், கொல்லை வாசலுக்குக் கிட்டம். சாப்பாட்டைப் பற்றி மேனேஜரிடம் பேசாதீர்கள், நேரே அடுப்படிக்குப் போங்கள்.