கடவுச்சொல் தவறினால் சிப் என்ன செய்யும்? சி2000, எம்எஸ்பி430, ஆர்எக்ஸ்: ஓர் ஒப்பீடு

மைக்ரோகன்ட்ரோலரில் (ஒரு கருவியை இயக்கும் ஒற்றைச் சிப் கணினி) உள்ள நிரலை வெளியார் எடுக்காமல் காக்கும் கடவுச்சொல் 128 பிட்டா, 256 பிட்டா என்று பார்த்து சிப்பைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. ஒழுங்காக வைத்த கடவுச்சொல் என்றால், இரண்டையுமே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது தொலைந்தால், தவறாகக் கொடுத்தால், அழிக்கும் நடுவே மின்சாரம் போனால் சிப் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மிகக் கண்டிப்பானது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி2000. அதன் எஃப்2812, எஃப்28335 மாடல்கள் இரண்டிலும், நிரல் தங்கும் ஃபிளாஷ் நினைவகத்தின் கடைசி 8 சொற்கள் (ஒரு சொல் 16 பிட்) கடவுச்சொல். அதற்கு முந்தைய 2 சொற்கள், பூட் (சிப் தொடங்கும் வேலை) முடிந்ததும் நிரலுக்குத் தாவும் கட்டளைக்கு. அதற்கும் முன்னுள்ள 118 சொற்களை, கடவுச்சொல் பயன்படுத்தும்போது பூஜ்யமாகவே எழுத வேண்டும். அங்கே நிரலோ தரவோ வைக்கக் கூடாது. திறக்க, கடவுச்சொல் இடங்கள் எட்டையும் ஒருமுறை படித்துவிட்டு, சரியான கடவுச்சொல்லைச் சாவிப் பதிவேடுகளில் எழுத வேண்டும். ரீசெட் ஆனால் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

எட்டுச் சொற்களின் எல்லா பிட்டும் 1 என்றால் பூட்டு இல்லை. எல்லாம் 0 என்றால் சிப் நிரந்தரமாகப் பூட்டிவிடும். அதைத் திறக்க எந்தச் சாவியும் கிடையாது. ஆபத்து எங்கே என்றால், இந்தக் குடும்பத்தில் ஃபிளாஷை அழிக்கும் வேலையின் முதல் கட்டமே அழிக்கும் செக்டரில் (ஃபிளாஷின் ஒரு பகுதி) எல்லா பிட்டையும் 0 ஆக்குவதுதான். அந்த நொடியில் மின்சாரம் போனாலோ, யாராவது ரீசெட்டைத் தட்டினாலோ கதை முடிந்தது. சிப்பில் எழுத வேண்டிய ஹெக்ஸ் கோப்பு தயாரிக்கும்போது காலி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும்படி அமைத்திருந்தாலும் இதே கதிதான். ஆகவே களத்தில் நிரலைப் புதுப்பிக்கும் பூட்லோடர், கடவுச்சொல் இருக்கும் செக்டரைத் தொடவே கூடாது. கடவுச்சொல் தெரியாமல் இந்தச் சிப்பை அழிக்கக்கூட முடியாது. தொலைத்தால் சிப்பைக் கழற்றி மாற்றுவது ஒன்றே வழி.

அதே நிறுவனத்தின் எம்எஸ்பி430 நேர் எதிர். எஃப்1, எஃப்2 வரிசைகளில் பூட்லோடருக்கான 32 பைட் கடவுச்சொல் தனியாக எங்கும் இல்லை. இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) வந்தால் எந்த முகவரிக்குத் தாவ வேண்டும் என்று சொல்லும் வெக்டர் அட்டவணையே கடவுச்சொல். நிரலை மறுபடி தொகுக்கும்போது ஒரு இன்டரப்ட் செயல்கூறு இடம் நகர்ந்தாலும் கடவுச்சொல் மாறிவிடும். எனவே வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பின் ஹெக்ஸ் கோப்பையும் பத்திரப்படுத்த வேண்டும். தொலைந்தாலும் பெரிய இழப்பில்லை: முழு அழிப்புக்குக் கடவுச்சொல் தேவையில்லை, புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் 256 பிட் என்ற கணக்கை நம்ப வேண்டாம். வெக்டர்கள் எல்லாம் இரட்டைப்படை முகவரிகள், அதாவது கடைசி பிட் எப்போதும் 0. பயன்படாதவை பெரும்பாலும் அழித்த நிலையிலேயே கிடக்கும். பயன்படாத இடங்களில் தோராய எண்களை நிரப்புவது செலவில்லாத முன்னேற்றம். பழைய பூட்லோடர் பதிப்புகளில் கடவுச்சொல்லை ஒப்பிட எடுக்கும் நேரத்தை அளந்தே அதை ஊகிக்கலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர் டிராவிஸ் குட்ஸ்பீட் 2008இல் காட்டினார். எஃப்2 வரிசையில் அட்டவணைக்கு நேர் முன்னால் உள்ள 2 பைட்டில் பூஜ்யம் எழுதினால், தவறான கடவுச்சொல்லுக்கு வழக்கமாக நடக்கும் அழிப்பு நடக்காது. சேவைக்கு வசதி என்று பலர் இதைச் செய்கிறார்கள்; தாக்குபவருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்க வழிவிடும் வேலை அது. அதே இடத்தில் ஏஏ55 என்ற பதினறும எண்ணை எழுதினால் பூட்லோடரே முடங்கிவிடும். சிப்பைச் சோதிக்கவும் நிரல் எழுதவும் உள்ள ஜேடேக் வாசல் வேறு: அதற்குத் தனி ஃபியூஸ், எரித்தால் எரித்ததுதான்.

ரெனெசாஸின் ஆர்எக்ஸ் இரண்டுக்கும் நடுவில். அதன் கடவுச்சொல்லான 16 பைட்டில் முதலாவது கட்டுப்பாட்டுக் குறி, மற்ற 15 அடையாளக் குறி. கட்டுப்பாட்டுக் குறி பதினறும எண்ணில் 45 என்றால், பூட் முறையில் தொடர்ந்து மூன்று முறை தவறியதும் ஃபிளாஷ் முழுவதும் அழியும்; 52 என்றால் அழியாது, மறுப்பதோடு சரி. குறியை 32 பிட் அலகுகளாக எழுத வேண்டும். பைட் வரிசை புரண்டால், சரியான குறியைக் கொடுத்தும் மறுக்கும். 45 வைத்த போர்டில் இந்தக் குழப்பத்துடன் மூன்றாவது முறை முயன்று பார்ப்பவர் நிரலை இழப்பார்.

பழுதுபார்க்கத் திரும்பி வரும் போர்டுகளுக்கு, மூல ஹெக்ஸ் கோப்பு கையில் இருக்கும்வரை, ஆர்எக்ஸ் 45 போதும். ஒரு போர்டை இழந்தாலும் நிரல் வெளியே போகக் கூடாது என்றால் சி2000. அப்போது சோதனைக் காலம் முழுக்க எட்டுச் சொற்களையும் அழித்த நிலையிலேயே விட்டு, உற்பத்திக்கு விடும் நாளில் மட்டும் கடவுச்சொல் எழுதுங்கள். அதையும் யூபிஎஸ் இணைத்த மேசையில் செய்யுங்கள்.