"உங்க கடைக்குன்னே வரைஞ்ச ஃபான்ட்" என்று விற்பவர்களிடம் கவனம்

மதுரையில் சிறு கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தே விற்பவர்கள் கவனத்துக்கு. கையெழுத்துச் சாயலில் புதிதாகத் தமிழ் ஃபான்ட் (கணினியில் அடிக்கும் எழுத்துரு) வரைந்து தருவதாகச் சொல்லி, இலவசமாகக் கிடைப்பதைப் பெயர் மாற்றி விற்கிறார்கள். நான் 12,000 ரூபாய் கொடுத்தேன்.

நாங்கள் சுங்குடிச் சேலை விற்கிறோம். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற சேலைக்கு, விலை அட்டையிலும் கையால் எழுதியது போன்ற எழுத்து இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். டிசைன் கடைக்காரர், "அக்கா, இத வேற எங்கயும் பாக்க மாட்டீங்க, ஒரே வாரத்துல தர்றேன்" என்றார். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் மாட்டுத்தாவணி பக்கம் ஒரு பரோட்டாக் கடை ஃப்ளெக்ஸில் அதே சாய்வு, அதே வளைவு. கேட்டால், "உங்களப் பாத்து அவங்க எடுத்திருப்பாங்க" என்கிறார். ஃபான்ட் கோப்பு என் கையில் இருக்கும்போது எப்படி எடுக்க முடியும்?

என் தம்பி மகன் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் டீடெயில்ஸைத் திறந்து காட்டினான். பெயர்தான் எங்கள் கடைப் பெயர். பதிப்புரிமை வரியை மாற்றாமலே விட்டிருந்தார்கள். அது கூகுள் ஃபான்ட்ஸ் என்ற இலவச எழுத்துருத் தளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய 'கவிவாணர்'. வரைந்தவர் தாரிக் அஸீஸ். அருமையான எழுத்து, அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குள்ள 'ஓபன் ஃபான்ட் லைசென்ஸ்' என்ற பொது உரிமத்தின்படி போர்டு, அட்டை, துணிப்பை எதில் வேண்டுமானாலும் காசில்லாமல் போடலாம். ஃபான்ட்டைத் தனியாக விலைக்கு விற்கத்தான் கூடாது.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் கு, கூ, டு, டூ என்று உகர, ஊகார வரிசையில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். அத்தனையையும் வரைந்தாக வேண்டும். முழு ஃபான்ட்டை ஒரே வாரத்தில் முடிப்பேன் என்பவர் வரையப் போவதில்லை.

இன்னொரு கோளாறும் செய்தார்கள். இந்த மாதிரி எழுத்து பெயருக்கும் தலைப்புக்கும் அழகு. 'தனியாகக் குளிர்ந்த நீரில் அலசவும்' என்ற பொடி வரியையும் அதிலேயே அடித்துவிட்டார்கள். ண, ன சுழிகள் மையில் அடைத்துப் போய், வயதானவர்கள் படிக்கவே முடியவில்லை. அட்டை முழுக்க வீண்.

கடைப் பெயர் மட்டும் தனித்துத் தெரிய வேண்டுமென்றால் ஃபான்ட்டே தேவையில்லை. போர்டு எழுதும் ஓவியர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரிடம் பெயரை எழுதி வாங்கி, ஸ்கேன் செய்து, கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் டிரேஸ் எடுத்தால் போதும். அது நிஜமாகவே உங்களுக்கு மட்டுமான எழுத்து, அந்தக் கூலியும் எழுதியவருக்கே போகும்.

அப்புறம், பில். எனக்குக் கொடுத்ததில் 'டிசைன் சார்ஜ்' என்று மட்டும்தான் இருக்கிறது, அதைக் காட்டியே பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். 'புதிதாக வரைந்த ஃபான்ட்' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வாட்ஸ்அப் பேச்சை அழிக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நானும் அதில்தான் புகார் கொடுக்கப் போகிறேன்.