ஆர்த்தோ (பல் சீரமைப்பு) படிப்பதா, பொதுப் பல் மருத்துவராகவே இருப்பதா?

சித்தி மகளுக்குப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பல் மருத்துவராக ஒப்பந்தக் காலம் முடியப்போகிறது. போன வாரம் சிங்கப்பூர்த் தேக்காவில் தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் கேட்டுவிட்டாள்: "அண்ணா, ஆர்த்தோவுக்கு விண்ணப்பிக்கட்டுமா, இல்லை தனியார் கிளினிக்குக்குப் போய்விடட்டுமா?" நான் ஈசூனில் 12 ஆண்டுகளாகப் பொதுப் பல் மருத்துவன். நிபுணர் படிப்பு பக்கம் போகாதவன் சொல்லும் கணக்கு இது, கொஞ்சம் கழித்தே படியுங்கள்.

முதலில் பணம். இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் பல் சீரமைப்பு முதுநிலைப் பயிற்சி முழுநேரமாக 3 ஆண்டு. இடங்களோ மிகக் குறைவு. ஆஸ்திரேலியா போனாலும் அதே 3 ஆண்டுதான், கட்டணமும் வீட்டு வாடகையும் நம் தலையில். தனியார் கிளினிக்கில் பெரும்பாலும் வசூலில் இத்தனை விழுக்காடு என்றுதான் நமக்குக் கிடைக்கும். மாதம் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், 36 மாதத்தில் விடுவது 360,000 வெள்ளி. நிபுணர் ஆனபின் வருமானம் கூடலாம், ஆனால் 28 வயதில் போகிறவருக்கும் வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகளோடு 38 வயதில் போகிறவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றாக வராது.

கூடும் வருமானம் நிலையானதா என்பது அடுத்த கேள்வி. அழகுக்காகப் போடும் பல் கம்பிக்கு கட்டாய மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்து எடுக்க முடியாது, கிளினிக் கட்டணத்துக்கு அரசு தரும் சாஸ் மானியமும் கிடையாது. பெற்றோர் கைக்காசுதான். காலம் கெட்டால் கோணல் பல் காத்திருக்கும், பல்வலி காத்திருக்காது. அந்த வகையில் சொத்தைப் பல்லை அடைப்பவன் பிழைப்பு கெட்டி. போதாக்குறைக்குக் கம்பியை எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் மலிவாகப் போட்டுக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. உட்லண்ட்ஸிலிருந்து அங்குள்ள புக்கிட் சாகாருக்கு ஐந்து நிமிடத்தில் ஓடப்போகும் ரயில் அதை இன்னும் சுலபமாக்கும். 2023இல் நம் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள், 0.97. கம்பி போடும் வயதுப் பிள்ளைகளே குறையப் போகிறார்கள். அந்த இடத்தைப் பெரியவர்கள் ஓரளவு நிரப்புகிறார்கள், ஆனால் அவர்கள் கேட்பது கம்பியை அல்ல, வெளியே தெரியாத பிளாஸ்டிக் உறையான அலைனரை.

குழப்பம் அலைனரில்தான் தொடங்குகிறது. இங்கே கம்பியோ அலைனரோ போட நிபுணராக இருக்க வேண்டியதில்லை. நிபுணர் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் 'பல் சீரமைப்பு நிபுணர்' என்று போட்டுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். வார இறுதியில் ஒரு பயிற்சி வகுப்பு, வாயை ஸ்கேன் செய்ய ஒரு கருவி, சரி, ஆரம்பித்துவிடலாம். அப்புறம் எதற்கு 3 ஆண்டு?

நானும் அப்படித்தான் நினைத்தேன். லேசான பல் நெருக்கடிதான் என்று ஒரு பெண்ணுக்கு அலைனர் தொடங்கினேன். திரையில் பற்கள் பொம்மைப்படம் போல வழுக்கி வந்து வரிசையில் நின்றன. வாய்க்குள் கோரைப்பல் திரும்ப மறுத்தது. உருண்டை வடிவப் பல்லைப் பிளாஸ்டிக் உறை பிடித்துத் திருப்புவது கடினம் என்பது பாடத்தில் இருப்பதுதான், நான் அதை லேசாக எடுத்துக்கொண்டேன். பத்தாவது மாதம் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, "முறுக்கு கடிக்க முடியல டாக்டர்" என்றார். அடுத்த அடி என்ன வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒரு நிபுணரிடம் அனுப்பினேன். அவர் கம்பி போட்டு எட்டு மாதத்தில் முடித்தார்.

அந்த 3 ஆண்டில் படிப்பது கம்பி ஒட்டுவதை அல்ல. பல் சொன்னபடி கேட்காதபோது என்ன செய்வது, எந்த வாயைத் தொடவே கூடாது என்பதைத்தான். கீழ்த்தாடை முன்தள்ளிய முகங்கள் கிழக்காசிய மக்களிடையே கூடுதல், அதனால் இங்கே அடிக்கடி வரும். வளரும் பிள்ளையிடம் அதைத் தவறாகக் கணித்தால், பதினெட்டு வயதில் தாடை அறுவை சிகிச்சை வரை போகும். எலும்புக்குள் புதைந்த கோரைப்பல், பிளவுபட்ட அண்ணம் எல்லாம் என்னைப் போன்றவர் தொடக்கூடாத வேலை.

அன்றாட வேலையும் வேறு மாதிரி. என் நாற்காலியில் ஒரு மணி நேரத்தில் வலி தீர்ந்து ஆள் எழுந்து போவார். ஆர்த்தோவில் நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை, பத்துப் பதினைந்து நிமிடம், அதே பிள்ளை, இரண்டு ஆண்டுக்கு. ஒரு மாதத்தில் பல் நகர்வது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். "தேசிய சேவைக்குப் போறதுக்குள்ள முடிச்சிடுங்க" என்று, மகனின் கட்டாய ராணுவப் பணியை நினைத்து அம்மாக்கள் அவசரப்படுத்துவார்கள், எலும்பு அவசரப்படாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: இந்த ஆண்டு எந்த நோயாளி வந்த நாளில் வீட்டுக்குச் சந்தோஷமாகப் போனாய்?

யோசிக்கவே இல்லை. "படுத்துக் கிடந்த ஞானப்பல் ஒன்று அண்ணா. நாற்பது நிமிடம் போராடி எடுத்தேன்."

தே தாரிக் ஆறிப்போயிருந்தது. இன்னொரு கோப்பைக்குச் சொன்னேன்.