ஊட்டியா கொடையா: குளிரை விடுங்கள், ரோட்டைப் பாருங்கள்

2020 செப்டம்பரில், மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் தேவையில்லை என்று அரசு தளர்த்தியபோதுகூட நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றுக்கும் பாஸ் வாங்கித்தான் போக வேண்டியிருந்தது. அது தொற்றுக்குப் பயந்து. கட்டுப்பாடெல்லாம் விலகி, வீட்டுக்குள் கிடந்த ஊரே மலையேறக் கிளம்பிய பிறகு, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கும் உயர்நீதிமன்ற உத்தரவில் இ-பாஸ் மறுபடி வந்தது. இந்த முறை கார்களுக்குப் பயந்து! 2025 ஏப்ரலில் சீசனுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கு 4,000, 6,000.

இரண்டு ஊரும் 2,000 மீட்டருக்கு மேலே இருப்பவை. குளிரில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. போய்ச் சேருவதில்தான் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு இரண்டு வழி. சீசனில் குன்னூர் வழியே ஏற்றி, கோத்தகிரி வழியே இறக்கி ஒருவழிப் பாதையாக்கிவிடுகிறார்கள். சுற்றுதான், ஆனால் வண்டி நகரும். கொடைக்கு வத்தலக்குண்டு ரோடு, பழனி ரோடு என்று இரண்டு இருந்தாலும் பெருமாள்மலையில் அவை ஒன்றாகிவிடும். அதற்கு மேல் ஒரே ரோடு. வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சியில் போட்டோ எடுக்க நாலு பேர் ஓரமாக நிறுத்தினால் போதும், பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். வயதானவர்களும் கைக்குழந்தையும் உள்ள குடும்பம் என்றால் யோசிக்காமல் ஊட்டி.

ஊட்டிக்கு ரயில் வேறு இருக்கிறது. 46 கிலோமீட்டர், கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் மலை ரயில், 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில். காலையில் மேட்டுப்பாளையத்தில் ஏறினால் மதியம்தான் ஊட்டி. டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்காவிட்டால் குன்னூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஊட்டி ரயிலைப் பிடியுங்கள். பல்சக்கரம் இருக்காது, ஆனால் தேயிலைச் சரிவுகள் இருக்கும்.

ஊருக்குள் போன பிறகு கதை மாறுகிறது. ஊட்டியில் 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா எல்லாமே எல்லோருக்கும் தெரிந்த இடங்கள். இரண்டு வருடம் நடக்காமல் 2022-ல் மலர்க் கண்காட்சி திரும்பியதும், மே மாதத்தில் பூங்காவில் பூவைவிடத் தலைதான் அதிகம் தெரிந்தது.

கொடையிலும் ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை என்று டவுனைச் சுற்றினால் இதே கதிதான். ஆனால் கொடைக்கு உள்பக்கம் ஒன்று இருக்கிறது. பூம்பாறைக்குப் போய்ப் பாருங்கள்: படிப்படியாக இறங்கும் வயல்கள், அறுத்த பூண்டைத் தாளோடு கட்டிக் காயப்போட்ட வீடுகள், புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டின் நெடி, நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். இன்னும் உள்ளே போனால் மன்னவனூரில் புல்வெளியும் ஆட்டுப் பண்ணையும். அப்புறம் கூக்கால் ஏரி. டவுனில் ரூம் போடாமல் இந்தப் பக்கம் தங்குபவர்களுக்குத்தான் கொடை. என் ஓட்டு இதற்கே, அதுவும் வார நாளில் மட்டும்.

ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டுமா? சரி, ஏற்காடு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, 1,500 மீட்டர் உயரம். மலை ஆசை தீரும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஊட்டிக்கோ கொடைக்கோ அரசுப் பஸ்ஸில் போனால் இ-பாஸ் கேட்க மாட்டார்கள். காரில் போகிறவர்கள் கிளம்பும் முன்பே பதிந்துகொள்ளுங்கள். கொடைக்கானலுக்கு 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு போங்கள்.