மெடிகேர் தளத்தின் திட்டத் தேடல் கருவி: பார்ட் டியில் காலத்தே சேர விரும்புவோருக்கு ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் 65 வயதை நெருங்கும் பெற்றோருக்கு மருந்துக் காப்பீடு எடுத்துத் தர வேண்டிய பொறுப்பில் இருப்பவர்கள் முதலில் திறந்து பார்க்க வேண்டியது, மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் திட்டத் தேடல் கருவியைத்தான். எந்தத் திட்டத்தில் சேரலாம் என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையாக விடை தரும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் எப்போது சேர வேண்டும் என்ற கேள்விக்கு இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. நியூ ஜெர்சியில் எங்களோடு வசிக்கும் அம்மாவுக்காக இதைப் பயன்படுத்தியபின் நான் வந்த முடிவு இதுதான்.

மெடிகேரின் மருந்துக் காப்பீடான பார்ட் டி, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2006 ஜனவரியில் தொடங்கியது. இதை அரசு நேரடியாக நடத்துவதில்லை. விதிகளையும் மானியத்தையும் அரசு தருகிறது, திட்டங்களைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கின்றன. ஆகவே ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மருந்துப் பட்டியல், தனி பிரீமியம், சலுகை விலை தரும் தனி மருந்தகங்கள் என்று எல்லாமே வேறுபடும். ஒரே மாத்திரை ஒரு திட்டத்தில் முதல் விலை அடுக்கிலும் இன்னொன்றில் மூன்றாம் அடுக்கிலும் வைக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், விளம்பரத் தாள்களை வைத்துக்கொண்டு கையால் ஒப்பிடுவது வீண் வேலை.

கருவியில் ஜிப் கோடு, மருந்துகளின் பெயர், வீரியம், எத்தனை நாளுக்கு ஒருமுறை எத்தனை மாத்திரை வாங்குவார், வழக்கமாக எந்த மருந்தகங்களில் வாங்குவார் என்பதைப் பதிய வேண்டும். இங்கேதான் நம் வீடுகளுக்கு உரிய ஒரு சிக்கல் எழுகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டையில் அச்சிட்டிருக்கும் வணிகப் பெயர் பெரும்பாலும் தேடலில் கிடைக்காது. அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைத்தான் இட வேண்டும், அதுவும் சில சமயம் மாறுபடும். இந்தியாவில் சால்புட்டமால் எனப்படும் இன்ஹேலர் மருந்துக்கு அமெரிக்காவில் அல்ப்யூட்டரால் என்று பெயர். கிளிபென்கிளமைடு இங்கே கிளைபுரைடு. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையாக இணைந்து வருவது நம் ஊரில் வெகு சாதாரணம்; இங்கே அந்தக் கூட்டு மாத்திரை விற்பனையில் இல்லாததால், இரண்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டியிருக்கும். இங்குள்ள மருத்துவர் எழுதித் தந்த சீட்டை வைத்துக்கொண்டு பதிவதே நல்லது. ஊர் அட்டையைப் பார்த்துப் பதிந்தால், வருகிற விலைக் கணக்கு முழுவதும் தவறாகிவிடும்.

விடைப் பக்கம்தான் இக்கருவியின் உயிர். மாதப் பிரீமியத்தையும், வருடம் முழுவதும் மருந்துக்குக் கையிலிருந்து போகும் தொகையையும் கூட்டி, மொத்தச் செலவு குறைவான திட்டத்தை முதலில் காட்டும் வரிசை ஒன்று அதில் உண்டு. அந்த வரிசையை விட்டுவிட்டுப் பிரீமியம் குறைந்ததைத் தேடிப் போவது, சேலையின் விலைச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டுச் சாயம் போகுமா என்று கேட்காமல் வாங்குவது போலத்தான். மிகக் குறைந்த பிரீமியத்தால் என் கண்ணை முதலில் கவர்ந்த திட்டம், அம்மாவின் மருந்துகளையும் வீட்டருகே உள்ள மருந்தகத்தையும் பதிந்ததும் பட்டியலில் வெகு கீழே இறங்கிவிட்டது. அதே திட்டத்தை வேறொரு மருந்தகத்தோடு பார்த்தபோது கணக்கு மறுபடியும் மாறியது. மருத்துவரிடமிருந்து முன் அனுமதி கேட்கும் மருந்து எது, முதலில் மலிவான மாற்றைப் பயன்படுத்திப் பார்த்தாக வேண்டிய மருந்து எது என்பதையும் ஒவ்வொரு மருந்தின் அருகிலும் காட்டிவிடுகிறது. இந்தத் தகவலை முகவர்கள் தாமாக முன்வந்து சொல்வது அரிது.

2022ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த மாற்றங்களும் கணக்கில் சேர்ந்தே வருகின்றன. திட்டப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு ஒருவர் கையிலிருந்து செலவிடும் தொகைக்கு 2025இல் 2,000 டாலர் என்று வரம்பு வந்தது. 2026இல் அது 2,100 டாலர். இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு நம்மவர் பலர் உட்கொள்ளும் ஜனுவியா மாத்திரையின் 30 நாள் பட்டியல் விலை 527 டாலராக இருந்தது. அரசு பேரம் பேசியதால் 2026 ஜனவரியிலிருந்து மெடிகேருக்கு 113 டாலராகியிருக்கிறது. இவ்வளவு இருந்தும் சிலர் பார்ட் டி வேண்டாம் என்று ஒதுங்குவதைப் பார்க்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது.

அப்படி ஒதுங்குவோருக்கு வரும் விளைவைப் பற்றிக் கருவி போதுமான அளவு எச்சரிப்பதில்லை என்பதே என் பெரிய குறை. சேர்வதற்கான முதல் வாய்ப்பு ஏழு மாதம்: 65ஆம் பிறந்தநாள் வரும் மாதம், அதற்கு முந்தைய மூன்று, பிந்தைய மூன்று. அது கடந்தபின் 63 நாள் அல்லது அதற்கு மேல் தொடர்ச்சியாக, பார்ட் டிக்கு ஈடான வேறு மருந்துக் காப்பீடு இல்லாமல் இருந்தால், காப்பீடில்லாத ஒவ்வொரு முழு மாதத்துக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் ஒரு சதவீதம் அபராதமாகச் சேரும். 2026இல் அந்த அடிப்படை 38.99 டாலர். இரண்டு வருடம் தாமதித்தவருக்கு 24 சதவீதம், அதாவது மாதம் 9 டாலர் 40 சென்ட். தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அது ஒருமுறை கட்டிவிட்டு மறக்கும் தொகையன்று. பார்ட் டி வைத்திருக்கும் காலம் முழுவதும் மாதந்தோறும் பிரீமியத்தோடு வரும், அடிப்படைத் தொகை மாறினால் அபராதமும் மாறும். 2025இன் அடிப்படையான 36.78 டாலரில் இதே 24 மாதத்துக்கு 8 டாலர் 80 சென்ட்தான் வந்திருக்கும். கருவியில் உள்நுழையாமல் பார்ப்பவரின் தாமதக் கணக்கு அதற்குத் தெரிய வழியில்லை. எனவே திரையில் தெரியும் பிரீமியத்தையே கடைசித் தொகை என்று எண்ணிவிடக் கூடாது.

எது ஈடான காப்பீடு என்பதும் கருவி சொல்லும் செய்தியன்று. அம்மாவோ அப்பாவோ இன்னும் வேலையில் இருந்து, நிறுவனத்தின் காப்பீட்டில் இருந்தால், அது பார்ட் டிக்கு ஈடானதா இல்லையா என்று ஆண்டுதோறும் அக்டோபர் 15க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டியது அந்தக் காப்பீட்டை நடத்துவோரின் கடமை. பார்ப்பதற்கு விளம்பரம் போலவே இருக்கும் அந்தத் தாளைத் தூக்கி எறியாமல் கோப்பில் வைக்க வேண்டும். பார்ட் டி வலுப்பெற்றுவிட்டதால், காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய கழிவுத் தொகை அதிகமுள்ள சில பணியிடக் காப்பீடுகள் அந்த அளவை எட்டத் திணறுகின்றன. போன வருடம் ஈடாக இருந்தது இந்த வருடமும் ஈடாக இருக்கும் என்று கொள்ள முடியாது. மருந்தகத் தள்ளுபடி அட்டை எவ்வளவு விலையைக் குறைத்தாலும் காப்பீடாகாது. வருடத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போய்வரும்போது பெட்டியின் ஒரு மூலை நிறைய மாத்திரை அட்டைகளைக் கட்டிக்கொண்டு வரும் நம் வழக்கமும் அவ்வாறே: மாத்திரை கையில் இருப்பது வேறு, காப்பீடு இருப்பது வேறு. ஒரு மருந்தும் உட்கொள்ளாத 65 வயதுக்காரருக்கும் அபராதக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அத்தகையவருக்கு அவரது வட்டாரத்தில் கிடைக்கும் மிகக் குறைந்த பிரீமியத் திட்டத்தை எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம்.

கிரீன் கார்டில் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த பெற்றோரின் நிலை சற்று வேறு. இங்கே வேலை பார்த்து வரி கட்டிய வரலாறு அவர்களுக்கோ துணைக்கோ இல்லாவிட்டால், தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்த பிறகே பணம் கட்டி மெடிகேரில் சேர முடியும். மருத்துவமனைக் காப்பீடான பார்ட் ஏ அல்லது மருத்துவர் செலவுக்கான பார்ட் பி கைக்கு வந்தால்தான் பார்ட் டி. 68 வயதில் வந்தவருக்கு 65ஆம் பிறந்தநாளை வைத்துக் கணக்கிட்டால் பொருந்தாது. ஐந்தாண்டு நிறையும் மாதத்தைத்தான் நாட்காட்டியில் குறிக்க வேண்டும்.

தேதிகளைப் பற்றிப் போதிய அளவு சொல்லாத கருவியின் குறையை ஈடுகட்டுவது ஒவ்வொரு மாநிலத்திலும் இயங்கும் ஷிப் என்னும் இலவச ஆலோசனைச் சேவை. கலிஃபோர்னியாவிலும் டெக்சாசிலும் ஹைகேப், வாஷிங்டனில் ஷீபா என்று பெயர்கள் மாறும், பணி ஒன்றே. இவர்கள் திட்டம் எதையும் விற்பதில்லை, கமிஷன் பெறுவதில்லை. நான் பேசிய ஆலோசகர் மருந்தைப் பற்றிக் கேட்கும் முன் தேதிகளைத்தான் கேட்டார்: பிறந்த தேதி, கிரீன் கார்டு தேதி, முந்தைய காப்பீடு முடிந்த தேதி. வருமானம் குறைந்தோருக்குச் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் வழியாகக் கிடைக்கும் எக்ஸ்ட்ரா ஹெல்ப் உதவியைப் பெறுவோருக்கு அபராதமே கிடையாது என்பதையும், நியூ ஜெர்சி மாநிலத்தின் மருந்து உதவித் திட்டமான பாட் திட்டத்தில் தகுதி பெற்றால் ஜெனரிக் மருந்துக்கு 5 டாலர், பிராண்டு மருந்துக்கு 7 டாலரோடு முடிந்துவிடும் என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். முன்பு ஒரு முகவரிடம் நீண்ட நேரம் பேசியிருந்தேன். அவர் இவ்விரண்டையும் வாயெடுத்துச் சொல்லவில்லை.

தளம் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் மட்டுமே இருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த பெற்றோர் தாமாக இதைப் பயன்படுத்த இயலாது. 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணை அழைத்து மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம், அதற்குக் கட்டணமில்லை. அடுத்த ஆண்டுக்குத் திட்டம் மாற்றும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை என்பதால் அந்த வாரங்களில் ஷிப் ஆலோசகர்களின் நேரம் கிடைப்பது கடினம். செப்டம்பரிலேயே முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

சேர்ந்த பிறகும் ஒரு வேலை உண்டு. இடையில் மருந்துக் காப்பீடு இல்லாத காலம் இருந்ததாகப் பதிவுகள் காட்டினால், முன்பு ஈடான காப்பீடு இருந்ததா என்று கேட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒரு படிவம் அனுப்பும். கோப்பில் வைத்த அந்தப் பணியிடத் தாளின் நகலோடு, கெடு முடிவதற்குள் அதை நிரப்பி அனுப்பாவிட்டால், காலத்தே சேர்ந்தவர் மீதும் அபராதம் விழும். விழுந்துவிட்டால், அறிவிப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மறுபரிசீலனை கோரலாம். அதற்கான படிவம் அந்தக் கடிதத்தோடே வரும்.