டி.எஸ்.எச். 6.8: மாத்திரையா, காத்திருப்பா?

தைராய்டு ரத்தச் சோதனை ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) 6.8 என்று, நார்மலைவிடக் கூடுதலாக, தடித்த எழுத்தில் இருக்கும். அதற்கு அடுத்த வரியில் ஃப்ரீ டி4 (தைராய்டே சுரக்கும் ஹார்மோன்) நார்மல். டி.எஸ்.எச்.சைச் சுரக்கும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி, தைராய்டைக் கூடுதலாக விரட்டி வேலை வாங்குகிறது. தைராய்டும் வேண்டிய அளவு சுரந்துகொண்டுதான் இருக்கிறது. டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டாத இந்த லேசான தைராய்டு குறைபாட்டுக்கு உடனே லீவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) தொடங்குவதா, பொறுத்துப் பார்ப்பதா?

கர்ப்பிணிகளுக்கும், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கும் இந்தக் கேள்வியே வேறு. அவர்கள் காத்திருக்காமல் அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். இனி எழுதுவது மற்றவர்களுக்கு.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரே ரிப்போர்ட்டை நம்பி முடிவெடுக்கக் கூடாது. டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் ஏறும், பிற்பகலில் இறங்கும். கடும் நோயிலிருந்து தேறிவரும்போது கொஞ்ச நாள் உயர்ந்து நிற்கும். மனநலத்துக்குத் தரும் லித்தியம், இதயத்துடிப்புக்குத் தரும் அமியோடரோன் மாத்திரைகளும் ஏற்றிவிடும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமினைச் சாப்பிடுபவர்களுக்கோ, சில லேப் முறைகளில் டி.எஸ்.எச்.சை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். 2 நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். ஆகவே 2 முதல் 3 மாதம் கழித்து, அதே லேபில், அதே நேரத்தில் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் மறுபடி பார்த்து, ஆன்டி டி.பி.ஓ.வையும் (தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளின் அளவு) சேர்த்துக்கொள்ளுங்கள். பலருக்கு இந்த இரண்டாம் சோதனையிலேயே அளவு தானாக இறங்கியிருக்கும். முதல் ரிப்போர்ட்டிலேயே மாத்திரை ஆரம்பித்திருந்தால், இறங்கியது மாத்திரையாலா, தானாகவா என்று பிறகு பிரித்தறிய வழியில்லை. தேவையில்லாத மாத்திரை வருடக்கணக்கில் ஓடுவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

காத்திருப்புக்கு வலுவான ஆதாரம் முதியவர்களிடம் கிடைக்கிறது. ஐரோப்பாவில் 65 வயதைக் கடந்த 737 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு லீவோதைராக்சின் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சோர்வில் வித்தியாசமே இல்லை. வயது ஏற ஏற டி.எஸ்.எச். ஓரளவு உயர்வது இயல்புதான். 75 வயதுக்காரரின் 6.8-ஐ நோய் என்று துரத்தினால் டோஸ் மிஞ்சி, இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயலாம். உடல் எடை குறையும் என்று எதிர்பார்த்துத் தொடங்குபவர்களும் ஏமாந்துதான் போகிறார்கள்.

மாத்திரையின் பக்கம் தராசு இறங்கும் இடங்களும் உண்டு. இரண்டு சோதனையிலும் 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தொடங்கிவிடுவார்கள். ஆன்டி டி.பி.ஓ. கூடுதலாக இருந்தால் முழுக் குறைபாடாக மாறும் வாய்ப்பு அதிகம்: இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டு பின்தொடர்ந்ததில், டி.எஸ்.எச். உயர்வோடு அதுவும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 100-க்கு சுமார் 4 பேர் அப்படி மாறினார்கள், டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்தவர்களில் சுமார் 3 பேர். திருப்பிப் பார்த்தால், ஒரு வருடத்தில் 100-க்கு 95 பேருக்கு மேல் மாறாமலேயே இருந்தார்கள். ஆன்டி டி.பி.ஓ. கூடுதல் என்ற அந்த ஒன்றை மட்டும் வைத்து நாங்கள் மாத்திரை எழுதச் சொல்ல மாட்டோம். 65-க்குக் கீழ் வயது, உண்மையிலேயே சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருக்கிறது என்றால் 6 மாத வெள்ளோட்டம் நியாயமானது.

அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். வழக்கமாக 25 முதல் 50 மைக்ரோகிராம். இதய நோய் இருந்தால் இன்னும் குறைவாக. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. அடுத்த சோதனை 6 முதல் 8 வாரம் கழித்துத்தான். இரண்டே வாரத்தில் பார்த்து டோஸை ஏற்றுவதுதான் அளவு மிஞ்சிப்போக நேர்வழி. டி.எஸ்.எச். நார்மலாகி 3, 4 மாதமாகியும் சோர்வு அப்படியே இருந்தால், காரணம் தைராய்டு இல்லை. டாக்டரிடம் சொல்லி மாத்திரையை நிறுத்திவிட்டு ஹீமோகுளோபின், பி12, தூக்கம் பக்கம் திரும்புங்கள்.

காத்திருப்பவர்களுக்கு, ஆன்டி டி.பி.ஓ. கூடுதல் என்றால் ஆண்டுக்கு ஒரு சோதனை. இல்லையென்றால் 2, 3 ஆண்டுக்கு ஒன்று. இடையில் குரல் கரகரத்தாலோ கழுத்தில் வீக்கம் தெரிந்தாலோ அடுத்த சோதனைத் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.